மரபணு மாற்றிய உணவை ஆய்வகத்தில் கண்டுபிடிப்பது: மாணவர்களும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லூரியில் உயிரித்தொழில்நுட்பச் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். கடையில் வாங்கிய உணவுப் பொருளில் மரபணு மாற்றிய பயிர் கலந்திருக்கிறதா என்று மாணவர்களே சோதித்துப் பார்க்கும் பயிற்சி எங்கள் பாடத்தில் வருடா வருடம் உண்டு. வருடா வருடம் அதே கேள்விகளும் வருகின்றன. மாணவர்கள் கேட்பதோடு, புதிதாக இதைத் தொடங்க நினைக்கும் மற்ற கல்லூரி ஆசிரியர்கள் போனில் கேட்பதையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

சோதனையில் நாம் தேடுவது எதை?

மரபணு மாற்றிய ஒரு பயிருக்குள் வெளியிலிருந்து ஒரு ஜீனை வைக்கும்போது அந்த ஜீனை மட்டும் தனியாக வைப்பதில்லை. அதற்கு முன்னால், வேலையைத் தொடங்கிவைக்க ஒரு சுவிட்ச் வேண்டும். அதைப் புரமோட்டர் என்போம். பின்னால், இத்தோடு நிறுத்து என்று சொல்ல ஒரு துண்டு வேண்டும். அது டெர்மினேட்டர். முதல் தலைமுறைப் பயிர்களை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் ஒரே சுவிட்சைத்தான் பயன்படுத்தினார்கள்: காலிஃபிளவர் மொசைக் வைரஸிலிருந்து எடுத்த 35எஸ் புரமோட்டர். நிறுத்தும் துண்டாக, அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்த நாஸ் டெர்மினேட்டர்.

அதனால் உள்ளே வைத்த ஜீன் பூச்சியைக் கொல்வதா, களைக்கொல்லியைத் தாங்குவதா என்று தெரியாவிட்டாலும், இந்த இரண்டு துண்டுகளைத் தேடினால் பலவகைப் பயிர்களை ஒரே வலையில் பிடித்துவிடலாம். வகுப்பறைச் சோதனை முழுக்க இந்த ஒரு யோசனையின் மேல்தான் நிற்கிறது. அந்தத் துண்டை பி.சி.ஆர் என்ற முறையில் பலமடங்கு பெருக்கி, ஜெல்லில் மின்சாரம் வைத்து ஓட்டினால் நீளத்துக்கு ஏற்ற இடத்தில் பட்டையாகத் தெரியும். ஜெல்லில் ஒவ்வொரு மாதிரியும் ஓடும் பாதையை லேன் என்போம்.

டெர்மினேட்டர் என்றதும், முளைக்காத ‘டெர்மினேட்டர் விதை’யா என்று ஒரு கை உயரும். அது வேறு. அந்த விதை விற்பனைக்கே வரவில்லை. இது டி.என்.ஏவில் ஒரு முற்றுப்புள்ளி, அவ்வளவுதான்.

ஹைப்ரிட் தக்காளி, சீட்லெஸ் திராட்சை, ஸ்வீட் கார்ன்... இதெல்லாம் மரபணு மாற்றியதுதானே?

இல்லை. மாதிரி கொண்டுவரச் சொன்னால் பாதிப்பேர் பையில் ஹைப்ரிட் தக்காளிதான் இருக்கும். கெட்டித்தோல், பத்து நாள் கெடாது, ருசியும் மட்டு, அதனால் சந்தேகம். ஹைப்ரிட் என்பது இரண்டு ரகங்களின் மகரந்தத்தைச் சேர்த்து எடுப்பது. விதையில்லாத் திராட்சை இயற்கையில் தோன்றிய மாற்றத்தைப் பதியன், ஒட்டு மூலம் பெருக்கியது. ஸ்வீட் கார்னின் இனிப்பும் பாரம்பரிய இனக்கலப்பில் வந்தது. நம் ஊரில் வண்டியில் வேகவைத்து விற்கும் ஸ்வீட் கார்ன், அதன் விதை சட்டப்படி வந்ததென்றால், மரபணு மாற்றியது அல்ல.

ஆனாலும் தக்காளியைத் திருப்பி அனுப்ப மாட்டேன். சோதிக்கட்டும். எதுவும் வராமல் போவதைப் பார்ப்பதும் பாடம்தான்.

அப்படியென்றால் இந்தியாவில் எதைச் சோதித்தால் ஏதாவது கிடைக்கும்?

இங்கே வணிகரீதியில் பயிரிடும் மரபணு மாற்றுப் பயிர் பருத்தி மட்டுமே. 2002 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. பருத்தி, அதாவது பூச்சியைக் கொல்லும் ஒரு பாக்டீரியா ஜீனை உள்ளே வைத்த பருத்தி. பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. 2010 பிப்ரவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். அந்தத் தடை இன்றும் இருக்கிறது. (பங்களாதேஷில் 2014 முதல் பயிரிடுகிறார்கள். 2019ல் ஹரியானாவின் ஃபதேஹாபாத்தில் ஒரு வயலில் திருட்டுத்தனமாக வளர்ந்த பி.டி. கத்தரியைக் கண்டுபிடித்து அழித்ததும் இதே மாதிரிச் சோதனையை வைத்துத்தான்.)

பருத்தியை யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்பீர்கள். மதுரைக்காரர்கள் கேட்க மாட்டார்கள். பருத்திப்பால் எதிலிருந்து வருகிறது? பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்துதானே! ஒருமுறை நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து மாட்டுத்தீவனக் கடையில் கால் கிலோ பருத்திக்கொட்டை வாங்கிவந்தார்கள். ஜெல்லில் அவர்கள் லேனில், நாம் தேடும் துண்டின் நீளமான 200 அளவில், பளிச்சென்று ஒரு பட்டை. குழுவில் இருந்த மதுரைப் பெண் ஜெல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். “மேடம், ஜலதோஷம்னா எங்க அம்மா இதத்தான் வாங்கித் தருவாங்க” என்றாள். அன்றைக்கு அந்த வகுப்பு ஒன்றரை மணி நேரம் நீண்டது.

பருத்திக்கொட்டை எண்ணெயும் பொரிப்பதற்குப் புழங்குகிறது. இது போக, நாம் இறக்குமதி செய்யும் சோயா எண்ணெயில் பெரும்பகுதி அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து வருகிறது. அங்கே விளையும் சோயா ஏறக்குறைய முழுக்க மரபணு மாற்றியது. அமெரிக்காவிலிருந்து உறவினர் சூட்கேஸில் கொண்டுவரும் கார்ன் சிப்ஸும் நல்ல மாதிரி. அங்கே மக்காச்சோளத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மரபணு மாற்றியதுதான்.

டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2018ல் கடைகளில் வாங்கிய 65 உணவுப் பொருட்களைச் சோதித்ததில் 21ல் மரபணு மாற்றத்தின் தடயம் கிடைத்தது. அவற்றில் பெரும்பாலானவை இறக்குமதிச் சரக்கு. எங்கே தேடலாம் என்பதற்கு இது ஒரு துப்பு.

எண்ணெயில் சோதிக்கலாமா? சர்க்கரையில்?

வகுப்பில் வேண்டாம். நாம் தேடுவது டி.என்.ஏ. சுத்திகரித்த எண்ணெயிலும் வெள்ளைச் சர்க்கரையிலும் அது கிட்டத்தட்ட இருக்காது. பெரிய ஆய்வகங்கள் நிறைய எண்ணெயை எடுத்து, எஞ்சியிருக்கும் துளியூண்டு டி.என்.ஏவைச் சேகரித்துவிடும். இரண்டு கிராம் வைத்துக்கொண்டு நாம் அதைச் செய்ய முடியாது.

பச்சை இலை, விதை, மாவு, சோயா உருண்டை, டோஃபு, பாப்கார்ன் சோளம், கார்ன்ஃப்ளேக்ஸ் நன்றாக வரும். ஊறுகாய், சாஸ் மாதிரிப் புளித்த பொருட்கள் சந்தேகம், அமிலத்தில் டி.என்.ஏ நொறுங்கிவிடும். சோயா சாஸ் மாதக்கணக்கில் நொதித்தது. அதை நம்பி ஒரு லேனை வீணாக்காதீர்கள்.

டி.என்.ஏவை எப்படிப் பிரிப்பது? எளிய வழி இருக்கிறதா?

இருக்கிறது. செலெக்ஸ் என்ற பிசின் மணிகள். மாதிரியில் 1 கிராம் எடுத்து, கல்வத்தில் 5 மில்லி சுத்தநீர் விட்டுக் கஞ்சிப் பதத்துக்கு அரையுங்கள். அதில் 50 மைக்ரோலிட்டரை, 500 மைக்ரோலிட்டர் செலெக்ஸ் கரைசல் உள்ள ட்யூபில் விட்டு, நன்றாகக் குலுக்கி, 95 டிகிரியில் 5 நிமிடம் வையுங்கள். பிறகு சென்ட்ரிஃப்யூஜில் 5 நிமிடம். மேலே தெளிந்து நிற்கும் நீரில் டி.என்.ஏ இருக்கும்.

கொதிநீரில் வைத்தாலே செல் உடைந்துவிடுமே, மணிகள் எதற்கு? செல் உடையும்போது டி.என்.ஏவை வெட்டும் நொதிகளும் சேர்ந்து வெளியே வரும். அவை வேலை செய்ய மெக்னீசியம் வேண்டும். செலெக்ஸ் அந்த மெக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கத்தி இருந்தும் பிடி இல்லாத நிலை.

இங்கேதான் பலர் கோட்டை விடுவார்கள். பி.சி.ஆர் நொதிக்கும் மெக்னீசியம் தேவை. தெளிநீரை எடுக்கும்போது அடியில் கிடக்கும் மணிகளில் இரண்டு மூன்று பைப்பெட் முனையோடு வந்துவிட்டால், அவை பி.சி.ஆர் ட்யூபில் உள்ள மெக்னீசியத்தையும் விழுங்கிவிடும். மூன்று மணி நேரம் மெஷின் ஓடியும் ஒன்றும் வராது. ட்யூபை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, முனையை மேல்மட்டத்திலேயே வைத்து உறிஞ்சச் சொல்லுங்கள். கை நடுங்கி மணிகள் கலங்கிவிட்டால் மறுபடி சுற்றவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பருத்தி, கத்தரி இரண்டுக்கும் இந்த எளிய வழி சரிப்பட்டு வராமல் போகலாம். நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போடாமல் விட்டால் கறுக்கிறது அல்லவா? அந்தக் கறுப்புக்குக் காரணமான பாலிஃபீனால்கள் டி.என்.ஏவோடு ஒட்டிக்கொண்டு பி.சி.ஆரை முடக்கும். பருத்திக்கொட்டையில் போதாக்குறைக்கு காசிபால் என்ற மஞ்சள் நிறமியும் உண்டு. இவற்றுக்கு, சோப்பு மாதிரியான சி.டி.ஏ.பி என்ற பொருளை வைத்துச் செய்யும் முறைதான் கைகொடுக்கும்: சி.டி.ஏ.பி கரைசலோடு பி.வி.பி என்ற பொடியையும் சேர்த்தால் அது பாலிஃபீனால்களை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு குளோரோஃபார்மில் சுத்தம்செய்து, ஐசோபுரொப்பனாலில் டி.என்.ஏவை வீழ்படிவாக்க வேண்டும். அரைநாள் வேலை. கடைசியில் வரும் டி.என்.ஏ வெள்ளையாக இருந்தால் சரி. பழுப்பாக இருந்தால் இன்னொரு சுற்று கழுவ வேண்டும்.

ஏன் மரபணு மாற்றாத மாதிரியை முதலில் அரைக்கச் சொல்கிறீர்கள்?

மாற்றியதை முதலில் அரைத்தால் அதன் தூசு கல்வத்திலும் மேசையிலும் கையுறையிலும் இருக்கும். அடுத்து அரைக்கும் மாதிரியில் அது ஏறிவிடும். பி.சி.ஆர் 40 சுற்று ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு என்று வைத்தால், ஒரே ஒரு மூலக்கூறு கணக்குப்படி சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் கோடியாகும். நடைமுறையில் அவ்வளவு வராது. ஆனால் ஒரு துளி தூசு போதும் என்பதைப் புரியவைக்க இந்தக் கணக்கு போதும்.

ஒரே ஒரு உணவைச் சோதிக்க ஏன் ஆறு ட்யூப்? ஒன்று போதாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கிட் விலை ஏறஏற நிர்வாகமும் இதையே கேட்கிறது.

மூன்று டி.என்.ஏக்களை எடுக்கிறோம். ஒன்று, மரபணு மாற்றாதது என்று சான்று பெற்ற உணவு. இரண்டு, நாம் சோதிக்கும் உணவு. மூன்று, மாற்றியது என்று உறுதியாகத் தெரிந்த டி.என்.ஏ. ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்விகள் கேட்கிறோம். முதல் கேள்வி: இதில் தாவர டி.என்.ஏவாவது இருக்கிறதா? இதற்கு, எல்லாப் பச்சைத் தாவரங்களின் பசுங்கணிகத்திலும் உள்ள ஒரு ஒளிச்சேர்க்கை ஜீனைத் தேடும் ப்ரைமர் (பெருக்கவேண்டிய இடத்தில் போய் ஒட்டும் குட்டி டி.என்.ஏ). கல்விக்கான கிட்டில் இந்தத் துண்டு 455 பேஸ் ஜோடி (டி.என்.ஏவின் நீள அளவு) நீளம். இரண்டாவது கேள்வி: 35எஸ் அல்லது நாஸ் இருக்கிறதா? இதன் துண்டு சுமார் 200. மூன்றை இரண்டால் பெருக்கினால் ஆறு.

இப்போது ஒவ்வொரு ட்யூபாக எடுத்துவிடுங்கள், என்ன இழக்கிறோம் என்று தெரியும். தாவர ப்ரைமர் ட்யூப் இல்லை என்று வையுங்கள். உங்கள் மாதிரியில் 200 பட்டை வரவில்லை. மரபணு மாற்றம் இல்லாததாலா, டி.என்.ஏவே பிரியாததாலா? சொல்ல முடியாது. உறுதியாகத் தெரிந்த டி.என்.ஏ ட்யூப் இல்லையென்றால், ப்ரைமர் கெட்டுப்போயிருந்தாலும் தெரியாது. ஃப்ரீசர் ஒரு நாள் முழுக்க அணைந்திருந்து, யாரும் சொல்லாமல் மறுபடி போட்டுவிட்ட கதையெல்லாம் எல்லா ஆய்வகத்திலும் உண்டு. மாற்றாத உணவின் ட்யூப் இல்லையென்றால், வந்த பட்டை உணவிலிருந்து வந்ததா, மேசையிலிருந்து வந்ததா?

நான் ஏழாவதாக ஒன்று வைப்பேன். டி.என்.ஏவுக்குப் பதில் வெறும் தண்ணீர். அதில் எதுவும் வரக்கூடாது.

பணம் இல்லை என்றால் குழுக்களைக் குறையுங்கள், மாதிரிகளைக் குறையுங்கள். ட்யூபைக் குறைக்காதீர்கள்.

பி.சி.ஆர் மெஷினுக்குள் என்ன நடக்கிறது?

94 டிகிரியில் இரட்டை இழை பிரியும். 59 டிகிரியில் ப்ரைமர் தன் இடத்தில் போய் ஒட்டும். 72 டிகிரியில் நொதி புதிய இழையைக் கட்டும். இப்படி 40 தடவை. இந்த முறையை 1983ல் யோசித்த கேரி முல்லிஸுக்குப் பத்து வருடம் கழித்து நோபல் பரிசு கிடைத்தது. கொதிநிலையிலும் கெடாத அந்த நொதி, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டெடுத்த பாக்டீரியாவினுடையது.

மெஷினை யு.பி.எஸ்சில் போடுங்கள். 27வது சுற்றில் கரண்ட் போய், கரண்ட் வந்ததும் மெஷின் முதலிலிருந்து தொடங்கட்டுமா என்று கேட்ட அனுபவம் எனக்கு உண்டு.

ஜெல்லை எப்படிப் படிப்பது?

3 சதவீத அகரோஸ் ஜெல், 100 வோல்ட், அரைமணி நேரம். துண்டு சிறியது என்பதால் ஜெல் கெட்டியாக இருக்க வேண்டும். வழக்கமான 1 சதவீத ஜெல்லில் 200 பட்டை மங்கி, கலைந்து தெரியும்.

முதலில் உங்கள் மாதிரியைப் பார்க்காதீர்கள். மாணவர்கள் கண் நேரே அங்கேதான் போகும். தண்ணீர் லேன், மாற்றாத உணவு, உறுதியான டி.என்.ஏ என்று வரிசையாகப் பாருங்கள். அவை சொல்லவேண்டியதைச் சொல்லியிருந்தால்தான் உங்கள் லேனுக்கு மதிப்பு.

உங்கள் மாதிரியில் 455ம் 200ம் வந்தால், 35எஸ் அல்லது நாஸ் கண்டறியப்பட்டது. 455 மட்டும் வந்தால், கண்டறியப்படவில்லை. இரண்டும் வராவிட்டால் ‘முடிவு இல்லை’ என்று எழுத வேண்டும். இதைத்தான் பலர் ‘மரபணு மாற்றம் இல்லை’ என்று எழுதி மதிப்பெண் இழக்கிறார்கள். எப்போதாவது 200 வந்து 455 வராமல் இருக்கும். வறுத்து, பொரித்த உணவில் டி.என்.ஏ சின்னச் சின்னத் துண்டாக உடைந்திருந்தால் நீளமானது தப்பாது, குட்டையானது தப்பிவிடும். இதைத் தானாகவே யோசித்துச் சொன்ன மாணவன் ஒருவனுக்கு அன்று நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஜெல்லின் அடிப்பகுதியில், 50க்கும் கீழே, மங்கலாக ஒரு கறை எல்லா லேனிலும் இருக்கும். ப்ரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது அது. கண்டுகொள்ள வேண்டாம்.

தண்ணீர் லேனிலும் பட்டை வந்துவிட்டது. என்ன செய்வது?

அன்றைய முடிவு எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டும். வேறு வழியில்லை.

எனக்கு இது நடந்திருக்கிறது. ஒரு வகுப்பு முழுக்க, எல்லாக் குழுவிலும், தக்காளி உட்பட எல்லாம் பாசிட்டிவ். முந்தைய வருடம் ஜெல்லில் ஏற்றிய அதே பைப்பெட்டை வைத்துத்தான் அந்த வருடம் பி.சி.ஆர் கலவையும் தயாரித்திருந்தோம். பெருகி முடிந்த டி.என்.ஏ கோடிக்கணக்கில் பைப்பெட்டுக்குள் குடியிருந்திருக்கிறது. அதற்குப் பிறகு கலவை தயாரிக்கத் தனி மேசை, தனிப் பைப்பெட், ஃபில்டர் வைத்த முனைகள். மேசையை 10 சதவீத பிளீச்சில் துடைக்கிறோம். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் கிருமி சாகும், டி.என்.ஏ சாகாது.

மசாலா சிப்ஸில் தாவரப் பட்டைகூட வரவில்லையே?

மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எண்ணெய், எல்லாம் பி.சி.ஆருக்கு ஆகாதவை. முடிந்தால் சாதா உப்பு சிப்ஸ் வாங்குங்கள். மசாலாவையேதான் சோதிக்க வேண்டுமென்றால், பிரித்த டி.என்.ஏவைப் பத்து மடங்கு நீர்த்து இன்னொரு ட்யூப் ஓட்டுங்கள். நீர்த்தால் டி.என்.ஏ குறையும், ஆனால் தடுக்கும் சரக்கும் குறையும். நீர்க்காத ட்யூபில் ஒன்றுமில்லை, நீர்த்ததில் 455 பட்டை வந்தது என்றால் காரணம் பிடிபட்டுவிட்டது.

பட்டை வந்துவிட்டால் அது மரபணு மாற்றியதுதான் என்று உறுதியாகச் சொல்லலாமா?

காலிஃபிளவரைக் கொண்டுவந்து சோதியுங்கள், தெரியும். 35எஸ் எங்கிருந்து வந்தது? காலிஃபிளவர் மொசைக் வைரஸிலிருந்து. அந்த வைரஸ் தாக்கிய காலிஃபிளவர், முட்டைக்கோஸ், கடுகுக் குடும்பத்துச் செடி எதிலும், எந்த மாற்றமும் செய்யாமலேயே 35எஸ் பட்டை வரலாம். நாஸ் மண் பாக்டீரியாவினுடையது. சரியாகக் கழுவாத கிழங்கில் மண்ணோடு அதுவும் வரலாம். ஆகவே நம்முடையது வடிகட்டும் சோதனை மட்டுமே. உறுதிசெய்ய வேண்டுமென்றால், செடியின் சொந்த டி.என்.ஏவும் உள்ளே வைத்த துண்டும் சேரும் எல்லையைத் தேட வேண்டும். அந்த எல்லை ஒவ்வொரு மாற்றுப் பயிருக்கும் தனி, கைரேகை மாதிரி. பருத்தியில் மான் (MON) 531, மக்காச்சோளத்தில் மான் 810 என்று பெயர் சொல்லிக் கண்டுபிடிப்பது அப்படித்தான்.

இதையொட்டி ஒரு வேடிக்கை. 2015ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, நாம் சாப்பிடும் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் அக்ரோபாக்டீரியத்தின் டி.என்.ஏ இயற்கையாகவே உட்கார்ந்திருப்பதைக் காட்டியது. சோதித்த 291 சாகுபடி வகைகளிலும் அது இருந்தது. ஆய்வகம் என்ற ஒன்று உலகில் இல்லாத காலத்தில் நடந்த மரபணு மாற்றம்!

பட்டை வராவிட்டால்?

‘35எஸ்சும் நாஸும் இந்த மாதிரியில் கண்டறியப்படவில்லை’. இவ்வளவுதான் எழுதலாம். ஏனென்றால் இந்த இரண்டும் இல்லாத மாற்றுப் பயிர்களும் இருக்கின்றன. களைக்கொல்லியைத் தாங்கும் இரண்டாம் தலைமுறைச் சோயாவான மான் 89788ல் இரண்டுமே கிடையாது. நம் சோதனைக்கு அது சாதாரணச் சோயா மாதிரிதான் தெரியும்.

மரபணு திருத்தம் இன்னும் சிக்கல். 2025 மே மாதம் இந்தியா இரண்டு திருத்திய நெல் ரகங்களை அறிவித்தது: சம்பா மசூரியிலிருந்து வந்த டி.ஆர்.ஆர். ரைஸ் 100, இன்னொன்று பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. இவற்றில் வெளி ஜீன் எதுவும் மிஞ்சவில்லை. செடியின் சொந்த ஜீனில் சின்னத் திருத்தம் மட்டும். எந்த எழுத்தில் திருத்தினார்கள் என்று தெரிந்து அதைக் குறிவைத்துத் தேடினால் ஒழிய அகப்படாது. 35எஸ் சோதனை அங்கே எடுபடாது.

எத்தனை சதவீதம் கலந்திருக்கிறது என்று சொல்ல முடியுமா? பட்டை தடிப்பாக இருந்தால் அதிகம்தானே?

40 சுற்று முடிந்தபின் தடிமனை வைத்து அளவு சொல்ல முடியாது. கொஞ்சமாக இருந்ததும் அதிகமாக இருந்ததும் கடைசியில் ஒரே உயரத்துக்கு வந்து நின்றுவிடும். அளவு வேண்டுமென்றால், பெருகப் பெருகவே அளந்துகொண்டு போகும் ரியல்-டைம் பி.சி.ஆரும், சதவீதம் தெரிந்த தர மாதிரிகளும் வேண்டும்.

சட்டம் கேட்பது சதவீதத்தைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.9 சதவீதத்துக்கு மேல் போனால் லேபிளில் எழுத வேண்டும். இந்தியாவில் 2021 மார்ச் 1 முதல், 24 வகை உணவுப் பயிர்களை இறக்குமதி செய்தால் மரபணு மாற்றாதது என்ற சான்று வேண்டும்; தவறிக் கலந்ததற்கு 1 சதவீதம் வரை விலக்கு. இந்த சதவீதத்தை மொத்த உணவின் எடைக்குக் கணக்குப் போடக்கூடாது. பிஸ்கட்டில் சோயா மாவு 2 சதவீதம்தான் இருந்தாலும், அந்தச் சோயா முழுக்க மாற்றியது என்றால், சோயாவைப் பொறுத்தவரை 100 சதவீதம்.

எங்கள் கல்லூரியில் பி.சி.ஆர் மெஷினே இல்லை. பள்ளியில் செய்ய முடியுமா?

ஸ்ட்ரிப் சோதனை செய்யலாம். பி.டி. பருத்தி இலையில் ஒரு வட்டம் குத்தி எடுத்து, ட்யூபில் கரைசல் விட்டு நசுக்கி, ஸ்ட்ரிப்பை உள்ளே நிறுத்தினால் பத்து நிமிடத்தில் கோடு தெரியும். கர்ப்பச் சோதனைக் கிட் மாதிரிதான்: ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு என்றால் இருக்கிறது, எதுவுமே இல்லையென்றால் ஸ்ட்ரிப் கெட்டது. நாக்பூரில் உள்ள மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையம் உழவர்கள் போலி விதையைக் கண்டுபிடிக்க இப்படிக் கிட்களை உருவாக்கியிருக்கிறது. இது தேடுவது புரதத்தை. சமைத்ததும் புரதம் உருக்குலைந்துவிடும் என்பதால் பருத்தி இலைக்கும் விதைக்கும் சரி, பருத்திப்பாலுக்குச் சரிவராது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு டி.என்.ஏவைக் கண்ணால் காட்டினாலே போதும். வாழைப்பழத்தை மசித்து, உப்பும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் போட்ட தண்ணீரில் கலக்கி, வடிகட்டி, ஃப்ரீசரில் வைத்த ஸ்பிரிட்டை ஓரமாக மெதுவாக விடுங்கள். இரண்டுக்கும் நடுவில் வெள்ளையாக நூல் நூலாக மிதக்கும்.

எத்திடியம் புரோமைடு இல்லாமல் செய்யலாமா?

செய்யலாம், செய்யவும் வேண்டும். அது டி.என்.ஏவுக்குள் நுழைந்து மாற்றங்களை உண்டாக்கும் சாயம். இளங்கலை வகுப்பில் அதற்குத் தேவை இல்லை. பாதுகாப்பான சாயங்களும் நீல ஒளிப் பெட்டியும் இப்போது கிடைக்கின்றன.

இதைச் சாப்பிட்டால் ஆபத்தா, மேடம்?

ஜெல்லில் அதற்குப் பதில் கிடையாது. உலகச் சந்தையில் இப்போதுள்ள மாற்று உணவுகள் பாதுகாப்புச் சோதனைகளைத் தாண்டியவை, ஆபத்து வர வாய்ப்பில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. விதை யார் கையில் இருக்க வேண்டும், பாரம்பரிய ரகங்கள் என்னாகும் என்று இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் போன்றவர்கள் கேட்ட கேள்விகள் வேறு. அவற்றையும் இந்தப் பட்டையை வைத்துத் தீர்க்க முடியாது. விவாதம் வேண்டுமென்றால் அதற்குத் தனி வகுப்பு வைக்கலாம். நான் வைக்கிறேன், சத்தம் அதிகமாக இருக்கும்.

எங்கள் முடிவை பிராண்ட் பெயரோடு வாட்ஸ்அப்பில் போடலாமா?

கூடாது. அங்கீகாரம் இல்லாத ஆய்வகம், ஒரே ஒரு பாக்கெட், ஒரே ஒரு முறை ஓட்டிய ஜெல். இதை வைத்து ஒரு நிறுவனத்தைக் குற்றம் சொல்வது நியாயமும் இல்லை, வழக்கு வந்தால் கல்லூரியும் தாங்காது. பதிவேட்டில் மாதிரிகளை அ, ஆ, இ என்று குறிக்கச் சொல்லுங்கள். எது எந்தப் பொருள் என்ற பட்டியல் ஆசிரியரிடம் இருக்கட்டும். உண்மையிலேயே சந்தேகம் வலுத்தால், மீதிப் பாக்கெட்டைப் பிரிக்காமல், பில்லோடு உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுக்கலாம்.

மீந்த விதைகளை என்ன செய்வது?

விதைக்காதீர்கள். அனுமதியில்லாத மாற்று விதையை வளர்ப்பது, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகளை மீறுவது. எங்கள் வகுப்பில் மீந்த பருத்திக்கொட்டையை ஆட்டோகிளேவில் போட்டு வேகவைத்துத்தான் குப்பைக்கு அனுப்புகிறோம். மூடியைத் திறக்கும்போது வரும் வாசனையில், “வெல்லமும் சுக்கும்தான் குறையுது மேடம்” என்பாள் அந்த மதுரைப் பெண்.